காய்ச்சல் வேறு, வெயில் தாக்கு வேறு

வெயிலில் உடம்பு கொதித்தால் பாரசிட்டமால் போடச் சொல்கிறது, வெயில் தாக்கு பற்றிய ஒரு கட்டுரை. அந்த வரியை அதிலிருந்து முதலில் நீக்க வேண்டும். காய்ச்சலில், மூளையில் உடல் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஹைபோதலாமஸ் என்ற பகுதியே, உடம்பு எவ்வளவு சூட்டில் இருக்க வேண்டும் என்ற தன் அளவை 37 டிகிரியிலிருந்து 39க்கு ஏற்றி வைக்கிறது. அதனால்தான் உடம்பு சுடும்போதே குளிர் நடுக்குகிறது. ஏற்றிவிடுவது புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற வேதிப்பொருள். மாத்திரை அதைக் குறைக்கும், அளவு இறங்கும், வியர்த்துக் கொட்டும்.

மே மாதம் கிருஷ்ணகிரி மாந்தோப்பிலோ கல்குவாரியிலோ சுருண்டு விழுபவருக்கு அந்த அளவு 37லேயே நிற்கிறது. வியர்வை ஈடுகொடுக்காமல் சூடு 40ஐத் தாண்டுகிறது. மாத்திரைக்கு அங்கே வேலையே இல்லை, கல்லீரலுக்குத்தான் கூடுதல் சுமை. 108க்குச் சொல்லுங்கள். நிழலுக்குத் தூக்கி, சட்டையைக் கழற்றி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். வண்டி வரும்வரை நிறுத்த வேண்டாம். பேச்சு குழறினால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

தாகத்தையும் அதே ஹைபோதலாமஸ்தான் கவனிக்கிறது. ரத்தத்தின் உப்புச் செறிவு 2 சதவீதம் கூடினாலே நாக்கு வறளும், வாசோபிரசின் என்ற ஹார்மோன் சிறுநீரைச் சுண்டவைக்கும். நாள் முழுக்க வியர்த்துவிட்டு வெறும் தண்ணீரையே சொம்பு சொம்பாகக் குடித்தால் சோடியம் இறங்கி, தலைவலியும் வாந்தியும் வரும். அதனால் ஓ.ஆர்.எஸ். என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைத்துக் குடியுங்கள். பெரிய பாக்கெட்டுக்குச் சரியாக 1 லிட்டர் தண்ணீர். பலர் ஒரு டம்ளரில் முழுசாகக் கொட்டிக் கலக்குகிறார்கள், அது தப்பு.