கிலோ குறையவில்லை, ஜாக்கெட் தொளதொளக்கிறது

சனிக்கிழமை காலை ஆனால் போதும், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கால்விரல் போட்டோக்கள் வர ஆரம்பித்துவிடும். எடை மெஷினில் ஏறி நின்று, குனிந்து, எண் தெரிகிற மாதிரி ஒரு படம். மெட்டி போட்ட விரல், நெயில் பாலிஷ் பாதி உரிந்த விரல் எல்லாம் அதில் விழும். எண் இறங்கியிருந்தால் வரிசையாகக் கைதட்டல். இறங்காவிட்டால் "விடுடி, அடுத்த வாரம் பாத்துக்கலாம்". இடுப்பைச் சுற்றி டேப் பிடித்து அந்த அளவைப் போட்டவர் இதுவரை ஒருத்தரும் இல்லை.

எனக்கு இதில் நெடுநாளாக ஓர் ஆதங்கம் உண்டு. உடற்பயிற்சி செய்து, சாப்பாட்டைச் சரிசெய்து, இடுப்பளவும் குறைந்து, எடை மட்டும் அசையாமல் நின்றால் எல்லோரும் அதைத் தோல்விக் கணக்கில்தான் எழுதுகிறார்கள். "சரி, இஞ்சாவது குறைஞ்சுதே" என்று ஆறுதல் பரிசு கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் முதல் பரிசே அதுதான். அதுவும் நம் ஊர் உடம்புக்கு.

என் சித்தி மகள் பள்ளிக்கூட டீச்சர், நாற்பதைத் தாண்டியவள். மாலையில் ஜிம்மில் டம்பெல்லும் ஸ்குவாட்டும், இரவில் தோசைக்குப் பதில் முட்டையும் சுண்டலும் என்று ஒழுங்காகத்தான் இருந்தாள். இரண்டு மாதம் தாண்டியும் மெஷின் 72ஐ விட்டு நகரவில்லை. ஆனால் ஒரு கல்யாணத்துக்காகப் பழைய பட்டு ஜாக்கெட்டை எடுத்துப் போட்டால் பக்கவாட்டில் தொளதொளவென்று இருக்கிறது. தைக்கிற அம்மாவிடம் கொண்டுபோனோம். அவர் கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்து அளந்துவிட்டு, "என்ன டீச்சர், எப்பவும் பிரிச்சு விடத்தானே வருவீங்க? இப்ப பக்கத்துக்கு முக்கால் இஞ்ச் பிடிக்கணும்" என்றார். அந்த ஜாக்கெட்டை உள்பக்கம் திருப்பிப் பார்த்தால் முன்பு பிரித்துப் பிரித்து விட்ட தையல்களின் ஊசித்தடம் வரிவரியாகத் தெரியும். புதுத் தையல் அந்தத் தடங்களில் ஒன்றின் மேலேயே ஓடியது.

இவளோ ஜிம்மை நிறுத்திவிடுவது என்று முடிவெடுத்திருந்தாள். ஜிம் அட்டையில் எடைக்கு மட்டும்தான் கட்டம் இருக்கிறது. பயிற்சி கொடுக்கிற பையன் அதைப் பார்த்துவிட்டு, "ட்ரெட்மில்லை இன்னும் கூட்டுங்க மேடம், சோத்த சுத்தமா நிறுத்துங்க" என்கிறான். வீட்டில் மாமியார் வேறு, "கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சே, எதுக்கும் ஒரு தடவ சுகர் டெஸ்ட் எடுத்துரு" என்கிறார். நம் ஊரில் ஒருத்தர் இளைத்தால் முதலில் வருகிற சந்தேகம் சர்க்கரைதான். இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. முயற்சி எதுவும் செய்யாமல் உடம்பு இளைத்தால் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். நான் சொல்ல வந்தது வேறு. மாமியார் கண்ணுக்குத் தெரிந்த இளைப்பு மெஷினுக்குத் தெரியவில்லை.

எப்படித் தெரியும்? மெஷினுக்கு எலும்பு, தசை, கொழுப்பு, தண்ணீர், இப்போதுதான் குடித்த காபி எல்லாம் ஒன்றுதான். புதிதாகப் பயிற்சி ஆரம்பித்த உடம்பில் கொழுப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போதே தசையும் தண்ணீரும் ஏறும். தசை தனக்கு வேண்டிய எரிபொருளைக் கிளைகோஜனாகச் சேர்த்து வைக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் சேர்ந்தே தங்கும். பழக்கமில்லாத பயிற்சியால் வலியெடுத்த தசையில் சில நாட்களுக்கு நீர் கோத்துக்கொள்ளும். அப்புறம் மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள், விருந்தில் வெளுத்துக்கட்டிய ஊறுகாயும் அப்பளமும். ஒரு கிலோ முன்னே பின்னே காட்ட இவ்வளவு போதும்.

இந்த இடத்தில் ஊரில் சுற்றுகிற ஒரு பொய்யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிலோ தசையையும் ஒரு கிலோ கொழுப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கொழுப்பு மூன்று மடங்கு பெரிதாக இருப்பதுபோல் ஒரு படம் சுற்றுகிறது. அவ்வளவெல்லாம் இல்லை. கொழுப்பு லிட்டருக்குச் சுமார் 0.9 கிலோ, தசை சுமார் 1.06 கிலோ. கணக்குப் போட்டால் ஒரு கிலோவுக்கு வித்தியாசம் 170 மில்லி, கிட்டத்தட்ட ஒரு டம்ளர் காபி. ஒரு ஜாக்கெட்டில் ஒன்றரை இஞ்ச் பிடிக்க அது மட்டும் காணாது. கொழுப்பு கழிகிற இடமும் தசை சேருகிற இடமும் வேறு வேறு என்பதுதான் பெரிய காரணம். வயிற்றிலும் பக்கவாட்டிலும் கழிகிறது. தொடையிலும் புட்டத்திலும் முதுகிலும் சேருகிறது. கூட்டிக் கழித்தால் அதே 72.

நம் ஊர் உடம்புக்கு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2004ல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்கள் தங்கள் படத்தையே போட்டு ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த சித்தரஞ்சன் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த ஜான் யட்கின். உயரத்தையும் எடையையும் வைத்துப் போடுகிற பிஎம்ஐ இருவருக்கும் ஒன்றே, 22.3. உடலில் கொழுப்பு எவ்வளவு என்று பார்த்தால் யட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். நம் ஆட்களுக்கு ஒல்லியாகத் தெரிகிற உடம்பிலேயே கொழுப்பு உட்கார்ந்திருக்கும், அதுவும் வயிற்றுக்குள் ஈரலையும் குடலையும் சுற்றி. சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வழிவிடுவது பெரும்பாலும் அந்தக் கொழுப்புதான்.

2023ல் வந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 'இண்டியாப்' (INDIAB) ஆய்வில் பிஎம்ஐ கணக்குப்படி உடல் பருமன் உள்ளவர்கள் 28.6 சதவீதம். இடுப்பளவுக் கணக்குப்படி தொப்பை உள்ளவர்கள் 39.5 சதவீதம். இடையில் இருக்கிற அந்தப் பதினொரு சதவீதத்தை மெஷினிலேயே ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் பிடிக்கவே முடியாது. பிஎம்ஐ என்பதே தனி ஆளின் ஆரோக்கியத்தைப் பார்க்கப் பிறந்த கணக்கு இல்லை. 1830களில் பெல்ஜியத்துக்காரர் அடோல்ஃப் குவெட்லெ மக்கள்கூட்டத்தின் சராசரியை ஆராயப் போட்ட கணக்கு அது. 1972ல் அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் அதற்கு இந்தப் பெயரை வைத்தார். 2025 ஜனவரியில் லான்செட் அமைத்த நிபுணர் குழு, பிஎம்ஐயை மட்டும் வைத்து ஒருவருக்கு உடல் பருமன் நோய் என்று முடிவு செய்யக்கூடாது, இடுப்பளவு மாதிரி இன்னொன்றும் பார்க்கவேண்டும் என்று சொல்லிவிட்டது. டேப் வைத்திருக்கும் தையல்காரர்கள் சந்தோஷப்படலாம்.

இதற்கு நேரெதிர்க் கூத்தும் வீட்டுக்கு வீடு உண்டு. "கல்யாணத்துக்கு முன்னாடி 68 கிலோ, இப்பவும் அதே 68" என்று பெருமை பேசுகிற சித்தப்பாக்கள். முப்பதுக்கு மேல் எதுவும் செய்யாமல் இருந்தால் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை தசை கரையும் என்பது பொதுவான கணக்கு. தசை போன இடத்தைக் கொழுப்பு நிரப்பினால் எடை அப்படியே நிற்கும், தொப்பை மட்டும் முன்னால் வரும். அதையும் அவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், "பேன்ட் சைஸ் இன்னும் 34தான்" என்பார்கள். பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே இறக்கிப் போட்டால் 34தான் இருக்கும். தொப்புள் மட்டத்தில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாதவிடாய் நிற்கிற வயதில் பெண்களுக்கும் இதே கதைதான். எடை அதிகம் ஏறாமலே இடுப்பு பெருக்கும்.

மாவுச்சத்தை ஒதுக்கிச் சாப்பிடுகிற பேலியோ உணவுமுறையின் அலை நம் முகநூலில் அடித்த காலம் நினைவிருக்கும். "முதல் வாரமே 3 கிலோ அவுட்" என்று தினம் நாலு பதிவு. அந்த உணவுமுறையால் பலனடைந்தவர்கள் உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முதல் வாரத்து 3 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். மாவுச்சத்தை நிறுத்தினால் கிளைகோஜன் காலியாகும், அதோடு இருந்த நீரும் வெளியேறும். மூன்று நாள் கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டால் திரும்பி வந்துவிடும். பட்டினி கிடந்து இளைப்பது இன்னும் மோசம். கொழுப்போடு தசையும் சேர்ந்து போகும். சாப்பிட்டபின் ரத்தத்தில் ஏறும் சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசைதான், அதைக் கரைத்துவிட்டு எண்ணை மட்டும் இறக்கி என்ன லாபம்? "30 நாளில் 10 கிலோ" என்று ஆட்டோவுக்குப் பின்னால் ஒட்டுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி வசதிப்படாது. கிலோ வேகமாக இறங்கும், விளம்பரம் செய்ய எளிது. இஞ்ச் மெதுவாகத்தான் இறங்கும்.

அதற்காக எடை குறையாத எல்லோருக்கும் "தசை ஏறுது போல" என்று சமாதானம் சொல்லவும் முடியாது. தசை அவ்வளவு சீக்கிரம் ஏறாது, பெண்களுக்கு இன்னும் மெதுவாக. வெறும் நடைப்பயிற்சியில் பெரிதாக ஏறவே ஏறாது. இரண்டு மூன்று மாதமாக எடையும் அசையவில்லை, இடுப்பும் அசையவில்லை என்றால் அங்கே தசையும் இல்லை, தண்ணீரும் இல்லை. தட்டில் விழுவதுதான் காரணம். பார்க்கில் நாலு சுற்று சுற்றிவிட்டு வாசலில் சர்க்கரை போட்ட டீயும் ஒரு மெதுவடையும் சாப்பிடுகிற கூட்டத்தில்தான் நானும் நடக்கிறேன், அதனால் உரிமையோடு சொல்கிறேன். டீயும் வடையும் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால் தைராய்டு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கலாம்.

தசைக்கு வேண்டிய புரதத்திலும் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்கிறோம். ஐசிஎம்ஆர் 2020ல் சொன்ன அளவு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், அதாவது 55 கிலோ பெண்ணுக்கு நாளுக்குச் சுமார் 46 கிராம். நாலு இட்லியில் 8 கிராம் தேறினால் பெரிது. ஒரு முட்டையில் 6 கிராம். தண்ணியாக ஓடுகிற சாம்பாரை ஊற்றிக்கொண்டு "பருப்பு சாப்பிடறேனே" என்றால் அந்த 46க்குப் பக்கத்தில்கூடப் போகமுடியாது. எடை தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களுக்கு இதைவிடக் கூடத் தேவைப்படும்.

டேப் பிடிப்பதிலும் ஏமாற்றலாம், எல்லோரும் செய்கிறோம். டேப்பைக் கண்டதும் வயிறு தானாக உள்ளே போகும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்முனைக்கும் நடுவில், தரைக்கு இணையாக, டேப் சதையை அழுத்தாமல் பிடிக்கவேண்டும். மூச்சை இயல்பாக விட்டபிறகு படிக்கவேண்டும். காலையில் சாப்பிடுவதற்கு முன் பார்ப்பது நல்லது, மாதம் ஒருமுறை போதும். தெற்காசியர்களுக்குச் சொல்லப்படும் எல்லை ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதை நினைவில் வைக்க முடியாவிட்டால் உங்கள் உயரத்தில் பாதிக்குள் இடுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கிற நைஸ் அமைப்பு 2022ல் இருந்து சொல்வது இந்தப் பாதிக் கணக்கைத்தான். வெறுங்காலில் ஏறினால் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று காட்டுகிற மெஷின்களை அப்படியே நம்பவேண்டாம். காலில் மெல்லிய மின்சாரம் விட்டுத் தோராயமாகக் கணிப்பவை அவை. ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு ஏறினாலே எண் மாறும்.

சித்தி மகள் ஜிம் அட்டையில் எடைக் கட்டத்துக்குப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டுக்கொண்டாள். அந்தப் பையன், "இதுல நாங்க என்ன எழுதணும் மேடம்?" என்று கேட்டானாம்.

மெஷினைப் பழைய சாமான்காரருக்குப் போடச் சொல்லவில்லை. முழங்கால் மூட்டு தேய்ந்தவர்களுக்குக் கிலோதான் கணக்கு. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடியிலும் முழங்கால் மேல் விழும் சுமை ஏறத்தாழ 4 கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். அவர்களிடம் நான் இஞ்ச் பேசமாட்டேன். மெஷின் தினமும் கட்டாயம் வேண்டியவர்கள் இன்னொரு வகை, இதயம் பலவீனமானவர்கள். காலையில் எழுந்ததும் எடை பார்த்து எழுதி வைக்கச் சொல்லி டாக்டரே சொல்லியிருப்பார். அவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சோற்றால் வந்த எடை இல்லை, உடம்பில் தேங்குகிற நீர். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே டாக்டருக்குப் போன் செய்யவேண்டும்.