விலை இறங்கவில்லை, வாங்கத்தான் ஆளில்லை

2022 செப்டெம்பர். கரண்ட் கட் நேரம். கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பிளாட் பல்கனியில் இருந்தபடி ரொறொன்ரோவில் இருக்கும் அக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, கொழும்பில இப்ப வீடெல்லாம் மலிஞ்சு போச்சாமே?"

"ஆர் சொன்னது? மூண்டாம் மாடிக்காரர் மூண்டரைக் கோடி கேக்கிறார் அக்கா. போன வருசம் ரெண்டு கோடி நாப்பது இலட்சத்துக்கு வாங்கினவர்."

"அதைத்தான் நானும் சொல்லுறன். மலிஞ்சு போச்சு."

இரண்டு பேரும் சொன்னது சரி. அவர் வாங்கியபோது டொலர் ஏறக்குறைய 200 ரூபாய், அந்தக் கணக்கில் வீடு 120,000 டொலர். 2022 மார்ச்சில் மத்திய வங்கி ரூபாயைப் பிடித்த பிடியிலிருந்து விட்டது, மே மாதத்துக்குள் டொலர் 360 ஐத் தொட்டது. மூன்றரைக் கோடி என்பது அந்தச் செப்டெம்பரில் 97,000 டொலர். கொழும்பின் காலி வீதியில் நிற்பவனுக்கு ஏறின வீடு, ரொறொன்ரோவில் நிற்பவருக்கு இறங்கின வீடு. படிக்கட்டு ஒன்றுதான்.

"கொழும்பில் காணி விலை ஒருநாளும் இறங்காது" என்று எங்கள் ஆட்கள் வேதம் மாதிரிச் சொல்லுவார்கள். ரூபாய்க் கணக்கில் பெரும்பாலும் உண்மைதான். ஆனால் இங்கே சந்தை விழுவது விலைச் சீட்டில் தெரியாது. வீட்டுக்காரர் விலையைக் குறைக்கமாட்டார், "விற்பனைக்கு" பலகையைக் கழற்றி உள்ளே வைத்துவிடுவார். புரோக்கர்மாரின் போன் அடிக்காது. விலை இருக்கும், வாங்க ஆளிராது. அந்த அமைதியான ஒன்றரை இரண்டு வருடத்தில் உங்களால் விற்காமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியுமா என்பதுதான் முழுக் கேள்வியும். யூடியூபில் "இதுதான் வாங்க வேண்டிய நேரம்" என்று சொல்லும் தம்பிமார் ஒருவரும் இதைக் கேட்கமாட்டார்கள்.

மூன்றாம் மாடிக்காரரால் இருக்க முடியவில்லை. 2021 இல் வட்டி மலிந்து கிடந்தது. 80 இலட்சம் கடன், 15 வருடம், 9 வீதம். மாதம் 81,000 சொச்சம். புருசன் பெண்சாதி இரண்டு பேரும் உழைப்பு, சமாளிக்கலாம். ஆனால் அந்த வட்டி, வங்கிகளின் முதன்மைக் கடன் வீதத்தோடு (நல்ல வாடிக்கையாளருக்கு வங்கி போடும் வட்டி) ஏறி இறங்குகிற வட்டி. கடன் கடிதத்தில் அது ஒரு வரி, கையெழுத்து வைக்கும் நாளில் அதை ஆர் வாசிக்கிறது? 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி ஒரே அடியில் கொள்கை வட்டியை 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. வருட முடிவுக்குள் அவருடைய கடன் 28 வீதத்தில் நின்றது. 80 இலட்சத்துக்கு 28 வீதமென்றால் மாதம் வட்டி மட்டும் 186,000. கடன் தொகையில் ஒரு சதமும் குறையாது. அதே செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், சம்பளம் பழைய சம்பளம்.

ஐந்து மாதம் அலைந்தார். பார்க்க வந்தவர்கள் டைல்ஸைத் தட்டிப் பார்த்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். அக்காவும் யோசித்தா. 2014 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபிறகு கனடாப் பிரஜாவுரிமை மட்டும் வைத்திருப்பவர் இங்கே காணி வாங்க முடியாது, தொடர்மாடி வாங்கலாம், காசு வெளிநாட்டிலிருந்து வங்கியால் வரவேணும். அதுவரை எல்லாம் சரி. லிஃப்ட் நின்றால் அம்மா எப்படி ஏறுவா என்று கேட்டா, அதோடு கதை முடிந்தது. கையில் காசு வைத்திருந்தவர்களோ திறைசேரி உண்டியல் வாங்கினார்கள் (எங்கட ஆட்கள் வெளிநாட்டுக் காசு அனுப்பும் உண்டியல் இல்லை, அரசாங்கம் கடன் வாங்க விற்கும் உண்டியல்). அதில் 30 வீதத்தை ஒட்டி வட்டி வந்த காலம். அந்த பிளாட்டுக்கு மாத வாடகை 80,000. மூன்றரைக் கோடிக்கு வருடம் மூன்று வீதமும் தேறாது. கணக்குத் தெரிந்தவன் எவன் வாங்குவான்?

2023 தொடக்கத்தில் லண்டன்காரர் ஒருவர் இரண்டரைக் கோடிக்கு எடுத்தார். உறுதிப் பத்திரத்தைப் பார்த்தால் மூன்றாம் மாடிக்காரருக்குப் பத்து இலட்சம் இலாபம். ஆனால் அவர் வாங்கியபோது கட்டிய முத்திரைத் தீர்வையே, முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம் என்று, 959,000 ரூபாய். நொத்தாரிசுக்குக் கொடுத்தது வேறு. டொலரில் பார்த்தால் 120,000 க்கு வாங்கி 69,000 சொச்சத்துக்கு விற்றிருக்கிறார். ஊரில் கேட்டால் "அவர் இலாபத்துக்குத்தானே வித்தவர்" என்பார்கள்.

வெள்ளவத்தையில் இந்த ஏற்ற இறக்கம் ஒருநாளும் பொருளாதாரப் புத்தகத்தைப் பார்த்து நடந்ததில்லை. 83 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு எங்கள் சனம் கிடைத்த விலைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினது. 95 இல் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்த பிறகு அதே வீதிகளுக்கே வந்து சேர்ந்தது. ஒழுங்கைக்கு ஒழுங்கை தொடர்மாடி எழும்பியது, விசா வரும்வரை இருக்க ஓர் அறை, பிள்ளைக்குச் சீதனமாக எழுத ஒரு பிளாட். குண்டு வெடித்த காலத்திலும் விலை ஏறியதென்றால் காரணம் அதுதான். 2007 ஜூனில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழரைப் பொலிஸ்காரர் விடிய முதல் பஸ்ஸில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். அந்த வாரம் எங்கள் கட்டிடத்தில் விலை கேட்டு ஒரு போன்கூட வரவில்லை. எந்த விலைச் சுட்டெண்ணிலும் இதெல்லாம் பதிவாகாது.

நானும் பெரிய கெட்டிக்காரன் இல்லை. இந்த வீடு அப்பா 98 இல் கடன் இல்லாமல் வாங்கியது, அதனால்தான் 2022 இல் பல்கனியில் இருந்து கதைக்க முடிந்தது. நானாக எடுத்த முடிவு 2017 இல், தெஹிவளைப் பக்கம், அத்திவாரம் வெட்ட முதலே ஒரு பிளாட்டுக்குக் காசு கட்டினேன். கோவிட் வந்தது, டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது, சீமெந்து விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. கட்டின கம்பனி "செலவு கூடிட்டுது" என்று மேலதிகமாக ஒரு தொகை கேட்டது. திறப்பு கைக்கு வர நான்கு வருடம் பிந்தியது. துருப்பிடித்த கம்பிகளைப் பார்க்க ஒவ்வொரு ஞாயிறும் போய் வந்தேன், பார்த்தால் வளருமா என்ன. முன்பதிவுக் காசு கட்ட யாராவது யோசித்தால், மாநகர சபை அனுமதியையும் காணிப் பதிவகத்தில் அந்தக் காணி எந்த வங்கிக்கு ஈடாகக் கிடக்கிறது என்பதையும் உங்கள் சொந்தச் சட்டத்தரணியைக் கொண்டு பாருங்கள். அவர்கள் காட்டும் சட்டத்தரணி வேண்டாம்.

2024 முடிவதற்குள் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு வந்துவிட்டது. புரோக்கர்மாரின் போன் திரும்ப அடிக்கிறது. மூன்றாம் மாடி லண்டன்காரர் இப்போது நாலரைக் கோடி கேட்கிறாராம்.

பழைய மூன்றாம் மாடிக்காரர் தெஹிவளையில் வாடகைக்கு இருக்கிறார். ஞாயிறு காலையில் மீன் வாங்கப் போகும்போது காண்பேன். அறக்குளா கிலோ என்ன விலை, பிள்ளையின் ஏ.எல். எப்படி, எல்லாம் கதைப்போம். எங்கள் கட்டிடத்தைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.