சீட்டுப் போடுவதே வேதம் காட்டும் வழி என்பது சரியன்று

மாந்தோப்பை விற்று ஓசூரில் வீடு வாங்கலாமா என்று கேட்ட சகோதரருக்கு, "ஜெபித்துவிட்டு 'வேண்டும்', 'வேண்டாம்' என்று இரண்டு சீட்டு எழுதிக் குலுக்கிப் போடுங்கள், யூதாஸின் இடத்துக்கு அப்போஸ்தலராக மத்தியாவை அப்படித்தான் தெரிந்தெடுத்தார்கள்" என்று ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். இது பாதி உண்மை. வேதாகமத்தின் அப்போஸ்தலர் நடபடிகள் 1:26 இல் சீட்டுப் போட்டது மெய்தான். ஆனால் யோவானின் ஞானஸ்நானம் முதல் இயேசு பரமேறிய நாள்வரை உடனிருந்தவராக வேண்டும் என்று முதலில் தகுதியை வரையறுத்து, அதற்குப் பொருந்திய இருவரை நிறுத்திய பிறகே சீட்டுக்குப் போனார்கள். அடுத்த அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் இறங்கிய பின்பு, சபை சீட்டுப் போட்டு முடிவெடுத்ததாகப் புதிய ஏற்பாட்டில் ஓரிடத்திலும் இல்லை. 15ஆம் அதிகாரத்தில் எருசலேமில் கூடியவர்கள், நெடுநேரம் விவாதித்து, பேதுருவும் பர்னபாவும் பவுலும் கண்டதைக் கேட்டு, யாக்கோபு அதைத் தீர்க்கதரிசிகளின் வசனத்தோடு ஒப்பிட்டுப் பேசிய பிறகே ஒருமனப்பட்டார்கள்.

கிருஷ்ணகிரியில் எங்கள் வீட்டிலும் ஒருமுறை எவர்சில்வர் டம்ளரில் சீட்டுக் குலுக்கினோம். "வேண்டாம்" என்று வந்ததும் அப்பா மறுபடி குலுக்கினார், விரும்பிய சீட்டு மூன்றாம் முறை வந்தது. அதைத் தேவசித்தம் என்று நம்பி வாங்கிய கடனை அடைக்க ஆறு வருடம் ஆயிற்று.

கோபுரம் கட்டுமுன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கச் சொன்னவர் இயேசுவே (லூக்கா 14:28). ஆகவே சகோதரரே, ஞானத்துக்காக ஜெபியுங்கள். கூடவே வில்லங்கச் சான்றையும் மாதத் தவணையையும் பாருங்கள், மனைவியிடமும், உங்களை நன்கறிந்த சபை மூப்பர் ஒருவரிடமும் மனம்விட்டுப் பேசுங்கள்.