ஒரு நிமிஷம் வர்றீங்களா?

டீம் லீட் ஆன புதிதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. எந்த மெசேஜ் வந்தாலும் உடனே பதில் போட்டுவிடுவேன். சந்தேகம் வந்தால் அந்தக் கணமே யாரையாவது கூப்பிடுவேன். "ஒரு நிமிஷம் வர்றீங்களா?" சுறுசுறுப்பான ஆள் என்று மேலிடத்தில் நல்ல பெயர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ஒன்பது பேர் இருக்கிற டீமில் எந்த வேலையும் சொன்ன தேதிக்கு முடிந்தபாடில்லை. ஆனால் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை.

எல்லா மேலாளருக்கும் தோன்றுகிற வைத்தியம்தான் எனக்கும் தோன்றியது. டீமை நேர மேலாண்மைப் பயிற்சிக்கு அனுப்பினேன். (அதில் ஒரு நாள் வேலை தள்ளிப்போனது தனிக்கதை.)

பயிற்சி முடிந்த அடுத்த வாரம், டீமில் மூத்தவர் ஒருவர் என் மேசையில் ஒரு தாளை வைத்தார். நான்கு நாளில் யார் யார் அவரை வேலைக்கு நடுவே கூப்பிட்டார்கள் என்று கோடு போட்டு வைத்திருந்தார். மொத்தம் 31 கோடு. அதில் 19 நான். "சார், நீங்க கேக்குறது ஒரு நிமிஷம்தான். திரும்பிப் போய் எங்க விட்டேன்னு தேடுறதுலதான் நேரம் போகுது" என்றார்.

இதற்கு ஆய்வாளர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. சோஃபி லெராய் 2009இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைக் 'கவன எச்சம்' என்கிறார். பாதியில் விட்டுவந்த வேலையிலேயே மனசில் ஒரு பங்கு தங்கிவிடுமாம். அப்படியென்றால் நான் கூப்பிட்டபோது அந்த மனிதர் முழுசாக என்னிடம் வரவும் இல்லை, திரும்பிப் போனபோது முழுசாக வேலைக்குப் போய்ச் சேரவும் இல்லை.

சரி, மதியம் வரை யாரையும் கூப்பிடுவதில்லை என்று முடிவு செய்தேன். கேள்விகளை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு மொத்தமாகக் கேட்டேன். அசிங்கமான உண்மை என்னவென்றால், மதியம் எடுத்துப் பார்க்கும்போது பாதிக் கேள்விகளுக்கான விடை என்னிடம் இருக்கும் ஃபைலிலேயே இருந்தது.

அடுத்தது ஐடியா மீட்டிங். என் யோசனையை முதலில் விளக்கிவிட்டு, "வேற யாருக்காவது ஐடியா இருக்கா?" என்று கேட்பேன். எல்லாரும் தலையாட்டுவார்கள். டீமில் கற்பனை வளமே இல்லை என்று வெளியே போய்ப் புலம்புவேன். கூடி உட்கார்ந்து யோசனைகளைக் கொட்டும் இந்த முறையைப் பிரபலமாக்கியவர் அலெக்ஸ் ஆஸ்போர்ன் என்ற விளம்பரத் துறைக்காரர். 1958இல் யேல் பல்கலைக்கழகத்தில் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். நான்கு பேர் கூடிப் பேசிச் சொன்ன யோசனைகளைவிட, நான்கு பேர் தனித்தனியாக யோசித்துச் சொன்னவற்றைச் சேர்த்தால் எண்ணிக்கை கூடுதலாக இருந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் தோன்றியது மறந்துபோகும், அல்லது சொல்லத் தயக்கம் வந்துவிடும். பேசுகிறவர் மேலாளராகவும் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்.

இப்போது முதல் பத்து நிமிடம் எல்லாரும் பெயர் போடாமல் தாளில் எழுதுகிறோம். முதல் தடவையே ஒரு சீட்டில் இருந்தது: "மாத அறிக்கையை யாராவது படிக்கிறார்களா என்று கேட்டுப் பார்க்கலாமே?" கேட்டுப் பார்த்தோம். நாற்பது பக்கத்தில் அறிக்கையை வாங்குகிறவர்கள் படிப்பது ஆறே பக்கம். மாதாமாதம் மூன்று நாள் மிச்சம். எழுதியவர் சேர்ந்து நான்கு மாதமாக மீட்டிங்கில் வாயே திறக்காத பெண் என்பது, அவராகச் சொன்ன பிறகுதான் தெரிந்தது.

ஆனால் எனக்கு நிஜமாகவே உறைத்தது மூன்றாவது சம்பவம். வாடிக்கையாளருக்குத் தப்பான கணக்கு போய்விட்டது. செவ்வாய்க்கிழமையே டீமுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தது வெள்ளிக்கிழமை. ஏன் அப்பவே சொல்லவில்லை என்றதற்கு, "நீங்க பிஸியா இருந்தீங்க சார்" என்று பதில் வந்தது. மரியாதையான பொய். போன தடவை ஒருவர் தப்பைச் சொன்னபோது என் முகம் போன போக்கை எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில்தான் பதிவான பிழைகள் அதிகமாக இருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். அப்புறம்தான் புரிந்தது: அங்கே பிழையை வெளியே சொல்ல யாரும் அதிகம் பயப்படவில்லை. மற்ற இடங்களில் பிழை நடந்தாலும் வாயைத் திறக்கவில்லை. என் டீமில் பல மாதமாக ஒரு தப்பும் காதுக்கு வரவில்லையே என்று நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்ததை நினைத்தால் இப்போது வயிற்றைக் கலக்குகிறது.

உற்பத்தித்திறன், படைப்பாற்றல், தலைமைப் பண்பு என்று மூன்று நாள் மூன்று பயிலரங்கு நடத்துகிறார்கள். என் அனுபவத்தில் மூன்றையும் கெடுத்தது ஒரே ஆள்தான். அந்த ஆளைப் பயிலரங்குக்கு அனுப்பும் அதிகாரம் மட்டும் டீமில் யாருக்கும் இல்லை.

போன வாரம் ஒருவர் வந்து, "சார், ஒரு தப்பு பண்ணிட்டேன்" என்றார். மணி பத்தே கால். தப்பு நடந்தது பத்து மணிக்கு. நான் முகத்தை எப்படி வைத்துக்கொண்டேன் என்று எனக்குத் தெரியாது, அவரைத்தான் கேட்க வேண்டும்.