யுவென் பியாவோ என்றொரு கலைஞர்

ஜாக்கி சானைத் தெரியாத தமிழர் அரிது. அவருடைய படங்கள் தமிழ் பேசி, தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடி, அவர் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டார். அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அவரோடு ஒரே கூரையின்கீழ், ஒரே ஆசிரியரிடம் பிரம்படி வாங்கி வளர்ந்த ஹாங்காங் சண்டைப்பட நடிகர் யுவென் பியாவோவின் பெயரைச் சொன்னால், "யார் அது?" என்று கேட்கிறார்கள். இது என் நெடுநாள் ஆதங்கம். குங்ஃபூ நகைச்சுவைப் படங்களில் ஒன்றே ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்று யாராவது வந்தால், அவர் நாயகனாக நடித்து 1981இல் வெளியான 'தி பிராடிகல் சன்' படத்தைத்தான் கையில் கொடுப்பேன். ஜாக்கி சானின் 'டிரங்கன் மாஸ்டர்' அதற்கு அடுத்துத்தான். சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

கதை 19ஆம் நூற்றாண்டில், தென் சீனாவின் ஃபோஷான் நகரில் நடக்கிறது. நாயகன் லியுங் ஜான் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை. தன்னை அடிக்க ஊரில் ஆளே இல்லை என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிகிறான். மகன் மேல் ஓர் அடிகூட விழக்கூடாது என்று அப்பாவுக்குக் கவலை. அதனால் மோத வருகிறவர்களுக்கெல்லாம் வீட்டு வேலையாள் காசு கொடுத்துத் தோற்க வைக்கிறான். இது ஜானுக்கு மட்டும் தெரியாது. ஊருக்கு நாடகம் போட வந்த குழுவில் பெண் வேடம் கட்டும் லியுங் யீ-டாய் அந்தக் காசுக்கு மசியவில்லை. மேடையில் நளினமாக அசைந்த அதே கைகள் ஜானை எளிதாக மடக்கிவிடுகின்றன. அதுவரை பெற்ற வெற்றிகள் அத்தனையும் விலைக்கு வாங்கியவை என்று தெரிந்ததும் அவன் முகம் விழுகிறதே, அந்த இடத்தில்தான் யுவென் பியாவோ நடிகர் என்று நான் ஒப்புக்கொண்டேன். அடுத்து அவன் செய்வது இன்னும் வேடிக்கை. யீ-டாயிடம் பாடம் கற்க வேண்டும் என்பதற்காக, அந்த நாடகக் குழுவையே அப்பாவை விட்டு வாங்க வைக்கிறான். பட்டும் பணத்தை விடவில்லை!

இந்த வேடத்துக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது என்பது என் முடிவு. ஏனென்றால் அவர் வாழ்க்கை ஜானின் வாழ்க்கைக்கு நேர் எதிர். 1957இல் ஹாங்காங்கில் பிறந்தவர். சிறு பிள்ளையாக இருக்கும்போதே யூ ஜிம்-யுவென் நடத்திய, பாட்டும் நடிப்பும் சாகசமும் கலந்த சீன மேடைக்கலையான பீக்கிங் ஓபரா பள்ளியில் சேர்க்கப்பட்டார். சம்மோ ஹங், ஜாக்கி சான் எல்லாரும் அங்கே மூத்த மாணவர்கள். யுவென் என்பதே ஆசிரியர் பெயரிலிருந்து மாணவர்களுக்கு வந்த மேடைப் பெயர்தான். அதை விடாமல் வைத்துக்கொண்டவர்களில் இவரும் ஒருவர். கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பது, குட்டிக்கரணம், பிரம்படி என்று போன வாழ்க்கை அது. அந்தப் பள்ளியைப் பற்றி 1988இல் 'பெயிண்டட் ஃபேசஸ்' என்று ஒரு படமே வந்தது. அதில் ஆசிரியராக நடித்தவர் சம்மோ ஹங்.

பள்ளியை விட்டு வந்தவருக்குக் கிடைத்தது சண்டைக் கலைஞர் வேலை. அதிலும் இன்னொருவருக்காகத் தாவுகிற வேலை. புரூஸ் லீ 1973இல் இறந்தபின் பாதியில் நின்ற 'கேம் ஆஃப் டெத்' படத்தை 1978இல் முடித்து வெளியிட்டார்கள். அதில் புரூஸ் லீக்கு மாற்றாகச் சாகசங்கள் செய்தவர்களில் யுவென் பியாவோவும் உண்டு. திரையரங்கில் கைதட்டு விழுந்தது புரூஸ் லீயின் பெயருக்கு. செய்யாத வெற்றிக்குப் பெயர் வாங்கியவன் லியுங் ஜான். செய்த வித்தைக்குப் பெயர் கிடைக்காதவர் யுவென் பியாவோ. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லியுங் ஜான் கற்பனைப் பாத்திரம் அல்ல. ஃபோஷானில் வாழ்ந்த வைத்தியர், விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையின் ஆசான். அவருடைய மாணவர் சான் வா-ஷுன். அவரிடம் கற்றவர் இப் மான். இப் மானிடம் கற்றவர் புரூஸ் லீ. அதாவது, புரூஸ் லீக்காக முகம் மறைத்துத் தாவியவர், மூன்று வருடம் கழித்து அதே புரூஸ் லீயின் குரு பரம்பரையில் மூத்தவராக முகம் காட்டி நிற்கிறார். இது எனக்குப் பெரிய நிறைவு.

இயக்குநர் சம்மோ ஹங்கின் துணிச்சலையும் பாராட்ட வேண்டும். காற்றில் சுழலக்கூடிய ஓர் உடல் கையில் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் தரையில் நிறுத்தி வைக்கிறார். விங் சுன்னில் வீச்சு கிடையாது. முழங்கால்கள் உள்நோக்கி, முழங்கைகள் மார்புக்கு அருகே, கை எதிராளியின் கையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். இடைவெளி கிடைத்த நொடியில் குறுகிய குத்துகள் சரமாரியாகப் போகும். அவ்வளவு நெருக்கத்தில் ஏமாற்ற முடியாது. சண்டை அமைப்புக்கு ஹாங்காங் திரைப்பட விருது கிடைத்தது நியாயமே.

யீ-டாயாக வரும் லாம் சிங்-யிங்கைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ஆஸ்துமாக்காரர், அதிகம் பேசமாட்டார், கண்ணில் எப்போதும் ஒரு சலிப்பு. பிராங்கி சான் நடித்த நய் ஃபெய்யுடன் அவர் மோதும் காட்சியில் இருவரும் சரிக்குச் சரியாக நிற்கும்போது மூச்சிரைப்பு வந்துவிடுகிறது. அதைக் கண்ட நய் ஃபெய் சண்டையை நிறுத்துகிறான். நோயாளியை வென்று என்ன பெருமை என்பது அவன் நியாயம். ஆனால் அவனும் ஒரு பெரிய மனிதரின் மகன்தான். எதிராளிகளைத் தீர்த்துக்கட்ட அவன் அப்பாவும் காவலாளிகளை ஏவி வைத்திருக்கிறார். ஓர் அப்பா காசால் காப்பாற்றுகிறார், இன்னோர் அப்பா கொலையால். சிரித்துக்கொண்டிருந்த படம் ஒரே இரவில் நாடகக் குழுவின் பிணங்களுக்கு நடுவே வந்து நிற்கிறது. அந்தத் திருப்பம் பலருக்குப் பிடிப்பதில்லை. அந்த இரவு இல்லையென்றால் இது சாதாரணப் படம் என்பேன். பிற்பாதியில் சம்மோ ஹங்கே நடித்த வோங் வா-போவின் மகளுடைய உடம்பை வைத்துச் செய்யும் கேலிதான் எனக்கு உறுத்துகிறது. அதை வெட்டியிருக்கலாம்.

நல்ல படம் கிடைத்தும் அவர் ஏன் முதல் வரிசைக்கு வரவில்லை? ஜாக்கி சானுக்கு முகம் கோணுவதிலேயே ஒரு கதை இருந்தது. விழுந்தால் வலிக்கிறது என்று நமக்குக் காட்டுவார். யுவென் பியாவோ விழுந்தால் வலி தெரியாது, அவ்வளவு சுத்தம். 1986இல் வந்த 'தி மில்லியனர்ஸ் எக்ஸ்பிரஸ்' படத்தில் எரியும் கட்டடத்தின் உச்சியிலிருந்து கரணம் அடித்துக் கீழே குதித்து, இடையில் காட்சி வெட்டப்படாமல் அப்படியே எழுந்து வசனமும் பேசுவார். எவ்வளவு ஆபத்து என்பது இரண்டாம் முறை பார்க்கும்போதுதான் உறைக்கிறது. அந்த எளிமையே அவர் புகழைக் குறைத்தது என்று நம்புகிறேன். 'பிராஜெக்ட் ஏ', 'வீல்ஸ் ஆன் மீல்ஸ்', 'டிராகன்ஸ் ஃபாரெவர்' என்று ஜாக்கி சான், சம்மோ ஹங், இவர் மூவரும் சேர்ந்து கலக்கிய படங்களில்கூட சுவரொட்டியில் முதலில் கண்ணில் படுவது ஜாக்கி சான்தான்.

இதுவரை பார்க்காதவர்கள் 'தி பிராடிகல் சன்' படத்திலிருந்தே தொடங்குங்கள். பிடித்திருந்தால் அவர் முதன்முதலில் நாயகனாக நடித்த 'நாக்அபவுட்', 1979. அதில் சம்மோ ஹங்குடன் கயிறு தாண்டிப் பயிற்சி எடுக்கும் காட்சி வரும். கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுப் பாருங்கள், கண் சிமிட்டினால் பாதி போய்விடும்.