காலையில் பேச வேண்டியதைக் காலையில் பேசினால் என்ன?

"ஒரு ரெண்டு நிமிஷம் பேசலாமா?" ராத்திரி ஏழரை மணிக்கு இந்த மெசேஜை அனுப்புகிறவர்களுக்கு வீடு வாசல், பிள்ளை குட்டி எதுவும் கிடையாதா? அவர்களுக்கு இல்லை என்றால் எங்களுக்கும் இருக்கக்கூடாதா?

நேற்று நடந்ததைக் கொட்டித் தீர்க்காவிட்டால் இன்றைக்கும் தூக்கம் வராது. மகள் இப்போதுதான் செஸ் கற்றுக்கொண்டிருக்கிறாள். குதிரையை நகர்த்தி என் ராஜாவுக்கும் ராணிக்கும் ஒரே நேரத்தில் குறி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் போன். "அவசரம், உடனே லாகின் பண்ணுங்க."

சரி, சர்வர் படுத்துவிட்டதோ, யாருடைய பணமாவது சிக்கிக்கொண்டதோ என்று ஓடினால், அங்கே பதினோரு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். "நான் பேசுறது கேக்குதா?" "ஸ்க்ரீன் தெரியுதா?" "நீங்க மியூட்ல இருக்கீங்க." இதற்கே பத்து நிமிடம். அப்புறம் வராத ஒருவருக்காகக் காத்திருந்தோம். அவர் வந்தார். அவருக்காக எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார்கள். விஷயம் இதுதான்: அடுத்த வாரம் காட்டப் போகிற ஸ்லைடில் ஒரு வரைபடம், அதிலுள்ள பட்டைகளுக்கு நீலம் அடிப்பதா, பச்சை அடிப்பதா.

ஒருவர் நீலம் என்றார். பச்சைதான் வளர்ச்சியைக் காட்டும் என்றார் இன்னொருவர். பச்சையாக்கிப் பார்த்தார்கள். பக்கத்தில் இருக்கிற சிவப்போடு சேர்ந்து கண்ணை உறுத்துகிறது என்றார் மூன்றாமவர். சிவப்பை ஆரஞ்சு ஆக்கினார்கள். இப்போது பச்சை எடுபடவில்லை. மறுபடி நீலம். இந்த நீலம் வேண்டாம், இன்னும் கொஞ்சம் அடர்த்தியாக. அது முதலில் இருந்த அதே நீலம்தான், ஆனால் வாயைத் திறந்தால் அது அதே நீலமா என்று இன்னும் அரை மணி நேரம் ஓடும். நடுவில் மகள் கதவோரம் வந்து நின்று, "உங்க ஆட்டம்தான்மா" என்று சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்தாள். நான் கையைக் காட்டினேன். போய்விட்டாள். ஒன்றேகால் மணி நேரம் கழித்து மேலாளர் சொன்னார்: "எல்லாரும் களைப்பா இருக்கீங்க. காலையில ஃப்ரெஷ்ஷா பேசி முடிவு பண்ணிக்கலாம்."

காலையில்! அதை ஏழரை மணிக்கே சொல்லித் தொலைத்திருக்கலாமே! நான் எழுந்து வருவதற்குள் அவள் காய்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டுத் தூங்கியிருந்தாள். அவளாகவே யோசித்துக் கண்டுபிடித்த முதல் நல்ல ஆட்டம் அது. என் ராணியை வெட்டும் சந்தோஷத்தைக்கூட அவளுக்குக் கொடுக்க விடவில்லை இந்தப் பாவிகள்.

இதைச் சொன்னால் போதும், உபதேசம் பண்ண ஆள் வந்துவிடும். எத்தனை மணி நேரம் இருக்கிறோம் என்பது முக்கியமில்லையாம், தரமான நேரமாக இருந்தால் போதுமாம். எந்தப் பிள்ளை காலண்டரில் இடம் பார்த்து மனசைத் திறக்கிறது? வகுப்பில் ஒருத்தி தன்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள் என்பதை, ஷூ கயிறு கட்டும்போது, வேறு எதையோ பேசிக்கொண்டிருக்கையில்தான் சொல்லும். பெரியவர்களும் அப்படித்தான். அம்மா போனில் எல்லாம் பேசி முடித்து, "சரி, வெச்சிடட்டுமா" என்று கேட்ட பிறகுதான் முழங்கால் வலி வெளியே வரும். அதற்கு முன்பே "அம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிட்டால் அந்த வலி கடைசிவரை நமக்குத் தெரியாது. சும்மா கூட இருக்கிற நேரம்தான் உறவு. அதைத்தான் துண்டு துண்டாகப் பிடுங்குகிறார்கள்.

தொழிற்சாலை வேலைக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1919இலேயே தன் முதல் உடன்படிக்கையில் எழுதி வைத்துவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ராத்திரி போனை எடுக்காமல் இருக்கலாமா என்று பயந்துகொண்டிருக்கிறோம். பிரான்சில் வேலை நேரம் முடிந்ததும் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017இல் நடைமுறைக்கு வந்தது. போர்ச்சுகல் 2021இல் ஒரு படி மேலே போய், வேலை நேரம் தாண்டி ஊழியரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது முதலாளியின் கடமை என்றே சட்டம் போட்டது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்து, தகுந்த காரணம் இருந்தாலொழிய அப்படி வரும் அழைப்பை எடுக்காமல் விடலாம். அங்கெல்லாம் கம்பெனிகள் இழுத்து மூடப்பட்டுவிட்டனவா?

உடனே ஒருவர், "டாக்டரை ராத்திரி கூப்பிடுவதில்லையா?" என்பார். கூப்பிடுவார்கள். அங்கே ஒரு உயிர் காத்துக்கொண்டிருக்கும், இன்றைக்கு யாருடைய முறை என்றும் முன்பே எழுதி வைத்திருப்பார்கள். பட்டைக்கு நீலம் அடிக்காவிட்டால் யாருக்கு மூச்சு நின்றுவிடும்?

உண்மையில் உயிர் போவது இந்தப் பக்கம்தான். வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைத்ததால் வந்த பக்கவாதத்திலும் இதய நோயிலும் 2016இல் மட்டும் உலகத்தில் சுமார் 7,45,000 பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார அமைப்பும் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் கணக்குச் சொன்னார்கள். குடும்பத்துக்காகத்தானே இவ்வளவும் என்று நம் வாயாலேயே சொல்ல வைக்கிறார்களே, அதுதான் வயிறு எரிகிறது.

இன்னொன்று. எக்செல் கோப்பை அனுப்புங்கள் என்றால் கோப்பை அனுப்புங்கள்! கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்து, அதுவும் கோணலாக, ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுப் பாதி எண்கள் அழிந்திருக்கிற படத்தை அனுப்பிவிட்டு, "கொஞ்சம் சரிபார்த்துடுங்க" என்று இன்று காலையில் ஒருவர் கேட்கிறார். எதைச் சரிபார்ப்பது, ட்யூப்லைட்டையா?