சால்வைக்கு நன்றி அண்ணே

ஜூன் 26 போதை எதிர்ப்பு நாள் கூட்டத்து வீடியோவை இதற்குள் நம் ஏரியாவில் பார்க்காத ஆளில்லை. அதனால் முழுக்கதை வேண்டாம். "தங்கச்சி ஏதோ சைக்காலஜி படிக்குதாம். குடிக்காதடான்னு சொல்றதுக்கு எதுக்கும்மா ரெண்டு வருஷம் படிப்பு?" என்று அண்ணன் மைக்கில் என்னைக் கேட்டாரே, கூட்டம் சிரித்ததே, நானும் சால்வையோடு உட்கார்ந்து பல்லைக் காட்டினேனே, அதேதான். மூன்று நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இன்று காலை யாரோ அதற்குப் பாட்டுப் போட்டு ஸ்டேட்டஸ் வைத்திருக்கிறார்கள். இனி முடியாது.

என்னைக் கிண்டல் செய்தது பரவாயில்லை. சரி, பரவாயில்லை என்று சும்மா சொல்கிறேன். அது அப்புறம்.

அண்ணன் கேட்டது நியாயம்தான். குடிக்காதே என்று சொல்ல ஒரு படிப்பும் வேண்டாம். அதை அவன் அம்மா சொல்லியாச்சு, பெண்டாட்டி சொல்லியாச்சு, டீக்கடைக்காரர் சொல்லியாச்சு, பாட்டில் லேபிளிலும் எழுதியாச்சு. புத்தி சொல்வது கவுன்சிலிங் கிடையாது. அதைச் சொல்லாமல் வாயைக் கட்டத்தான் ரெண்டு வருஷம் ஆகிறது.

எனக்கே ஆகிறது. கவுன்சிலிங் பயிற்சியில் முதல் ரோல் பிளே, இருபது நிமிஷம். எதிரில் என் வகுப்புத் தோழி குடிப்பவராக நடிக்கிறாள். நான் அன்பாக, பொறுமையாகப் பேசியதாக நினைத்துக்கொண்டு எழுந்தேன். பயிற்சி தரும் மேடம் ஒரு தாளை நீட்டினார். பென்சிலில் பதினாறு கோடு. ஒரு கோட்டுக்கு ஒரு அறிவுரை. "பாவம், அந்தப் பொண்ணு எப்போ பேசுவா?" என்று மட்டும் கேட்டார்.

இது மேடத்தின் சொந்தக் கருத்து இல்லை. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1983-இல் ஒரு கட்டுரை எழுதினார். குடிப்பவரோடு மல்லுக்கட்டாதே, விட வேண்டிய காரணம் அவர் வாயிலிருந்தே வரட்டும் என்பதுதான் அதன் சாரம். பிறகு 1993-இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், ஆலோசகர் எவ்வளவுக்கு எவ்வளவு மடக்கி மடக்கிப் பேசினாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு அந்த ஆள் ஒரு வருஷம் கழித்து அதிகம் குடித்திருந்தார். திட்டினால் திருந்துவான் என்பவர்கள் இதை ரெண்டு தடவை படிக்கவும்.

இப்போது நிஜமாக எரிந்த விஷயத்துக்கு வருகிறேன். நாற்பது நாளாகக் குடிக்காமல் இருந்த ஒரு மனிதரை மேடையேற்றி, மகளின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். அதைத்தான் அண்ணன் மைக்கிலேயே ரெண்டு முறை சொல்லிவிட்டாரே.

அந்தத் தலை ஒரு காலத்தில் என் தலை. அப்போது எனக்கு ஒன்பது வயது, வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் இருந்தோம். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். தெருப் பெரியவர்கள் கூடி இதே மாதிரி என் தலையில் சத்தியம் வாங்கினார்கள். அந்த முறை அப்பா நிஜமாகவே சத்தியத்தைக் காப்பாற்றினார். அதுதான் வினையானது. மறுநாள் காலையில் டம்ளர் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. மூன்றாம் நாள் ராத்திரி சுவரில் எறும்பு ஊர்கிறது என்று விரலால் ஒவ்வொன்றாக நசுக்கினார். சுவரில் ஒன்றுமில்லை. பேய் என்று ஆயா வேப்பிலை எடுத்தாள். அப்புறம் ஃபிட்ஸ் வந்தது. ஆட்டோவில் ஏற்றினால் கொருக்குப்பேட்டை கேட் மூடியிருக்கிறது, சரக்கு ரயில். அப்பாவின் வாயில் நுரை. நான் பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று அதற்குப் பெயர். வருஷக்கணக்கில் தினமும் குடித்த உடம்பு சட்டென்று நிறுத்தினால் ரெண்டு மூன்று நாளில் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகும். மருத்துவர் கண்காணிப்பில் மாத்திரையும் தயாமின் என்ற வைட்டமின் ஊசியும் கொடுத்துத்தான் குடியை நிறுத்த வேண்டும். எங்கள் தெருவில் ஒருவருக்கும் இது தெரியாது. புத்தி சொல்ல மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

அப்பா பிழைத்தார். ஆறு மாதம் கழித்து மறுபடி குடித்தார். அன்றிரவு நான் செத்துவிடுவேன் என்று தூங்காமல் கிடந்தேன். சத்தியம் என் தலையில்தானே.

"குடிகாரனுக்கு வக்காலத்தா, குடும்பம் படும் பாடு தெரியுமா" என்று வருவீர்கள். என் அம்மாவின் கம்மல் எத்தனை முறை சேட்டு கடைக்குப் போய் வந்தது என்று எனக்குத் தெரியும். கடைசி முறை வரவேயில்லை. என்னிடமா கேட்கிறீர்கள்?

"முதலில் டாஸ்மாக்கை மூடச் சொல்லு." மூடுங்கள், யார் வேண்டாமென்றது? ஆனால் காலை ஆறு மணிக்கே கை நடுங்குகிறவருக்கு அன்று ராத்திரி படுக்கை எங்கே என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"ஏஏ கூட்டத்தில் எல்லாரும் படித்தவர்களா?" குடியை விட நினைப்பவர்கள் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸைத்தான் கேட்கிறீர்கள். இல்லை. 1935-இலிருந்து படிக்காதவர்களும் அங்கே ஒருவரையொருவர் தாங்கிப் பிடிக்கிறார்கள். இது நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே அவரவர் கதையைத்தான் சொல்வார்கள். அடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்தி அவமானப்படுத்த மாட்டார்கள்.

எய்ம்ஸ் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வந்தது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை கிடைத்ததாகச் சொல்லியிருக்கிறார். மீதி 37 பேரில் எத்தனை பேர் இந்த மாதிரி மேடைகளுக்குப் பயந்து வீட்டிலேயே கிடக்கிறார்களோ. புத்தி சொல்வது கவுன்சிலிங் கிடையாது என்று இன்னும் எத்தனை முறை எழுதுவது?

அந்த மனிதர் மூன்று நாளாகத் தெருப்பக்கமே வரவில்லை. மகள் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கூலுக்குப் போகிறாள்.

அண்ணே, என்னைக் கிண்டல் செய்த பகுதியை வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பிள்ளை முகம் தெரிகிற பகுதியை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். சால்வையைத் திருப்பிக் கேட்டால் தந்துவிடுகிறேன். கவரைக்கூடப் பிரிக்கவில்லை.